ரத்தத்தில் பெருந்தமனி நோய் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நெஞ்சுவலின்னுதான் போனார். ஈ.சி.ஜி. நல்லா இருக்குன்னாங்க. மறுநாள் காலைல போயிட்டார். பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிடுச்சாம். ஒரு பிளட் டெஸ்ட்ல தெரிஞ்சிருக்காதா சார்?"

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர். கேட்பவர் துக்கத்தில் இருப்பார், பின்னால் வரிசை நிற்கும், இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அந்த ஜன்னலில் விட்டுப்போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திடீரென்று பொறுக்க முடியாத நெஞ்சுவலியோ முதுகுவலியோ இப்போது யாருக்காவது இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

பெருந்தமனி எது? அதற்கு என்ன நோய் வரும்?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்புகிற தாய்க்குழாய் அது. மேலே ஏறி, கைத்தடியின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு காலுக்குமாகப் பிரிகிறது. பெரியவர்களுக்கு நெஞ்சுக்குள் சுமார் 3 செ.மீ. அகலம், வயிற்றுக்குள் சுமார் 2 செ.மீ. அதன் சுவரில் மூன்று அடுக்குகள். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிற வேலையைச் செய்வது நடு அடுக்கு. எலாஸ்டின் என்ற இழுவைப் புரதமும் மென்தசையும் அதில் பாய் முடைந்ததுபோல அடுக்கடுக்காக இருக்கும்.

முக்கியமாக மூன்று விதக் கோளாறு வரும். உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் நடு அடுக்குக்குள் புகுந்து, சுவரைப் பிளந்துகொண்டே போவது ஒன்று. இதைக் கிழிசல் என்றே எழுதுகிறேன். சுவர் பலமிழந்து உப்பிக்கொண்டே போவது இன்னொன்று. இது புடைப்பு, டாக்டர்கள் அனியூரிசம் என்பார்கள். மூன்றாவது அழற்சி. சுவரில் வீக்கமும் புண்ணும் ஏற்பட்டுக் குழாய் சுருங்கிப்போவது. ரத்தப் பரிசோதனை இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி உதவாது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

மாரடைப்புக்கு ட்ரோபோனின் இருக்கிறது. இதற்கும் அப்படி ஒரு டெஸ்ட் இல்லையா?

இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து "இவருடைய பெருந்தமனி கிழிந்திருக்கிறது" என்று சொல்லக்கூடிய பரிசோதனை இன்றைக்கு உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை.

காரணம் எளிது. ட்ரோபோனின் ஒரு தசைப் புரதம். அதன் இதய வகை இதயத் தசைக்கே உரியது. அது ரத்தத்தில் கூடினால் இதயத் தசை அடிபட்டிருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்லலாம். பெருந்தமனிக்கு அப்படிச் சொந்தப் பொருள் ஒன்றுமில்லை. அதன் சுவரில் இருக்கும் மென்தசைதான் குடலிலும் கர்ப்பப்பையிலும் மற்ற ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது. அதே எலாஸ்டின்தான் நுரையீரலிலும் தோலிலும் இருக்கிறது. உடைந்த துண்டு ரத்தத்தில் மிதந்து வந்தாலும் எந்த வீட்டு ஓடு இது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் டி-டைமர் எதற்கு எடுக்கிறார்கள்?

முதலில் பெயர். நேரம் பார்க்கிற டைமர் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற நூல்கள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். பிறகு உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியை அனுப்பி அந்த வலையை வெட்டும். வெட்டும்போது ஃபைப்ரினின் 'டி' என்ற பகுதிகள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஜோடியாக விழும். அந்த ஜோடித் துண்டுதான் டி-டைமர். ஆக, அது ரத்தத்தில் இருந்தால் உடம்பில் எங்கோ ரத்தம் உறைந்தது, கரைகிறது என்று பொருள். எங்கே, ஏன் என்பதை அது சொல்லாது.

பெருந்தமனி கிழிந்தால், பிளந்த சுவருக்குள் ரத்தம் புகுந்து தேங்குகிறது, உறைகிறது, ஓரத்தில் கரையவும் செய்கிறது. அதனால் டி-டைமர் சீக்கிரமே ஏறிவிடும், பெரும்பாலும் நிறையவே ஏறும். இந்தக் குணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். ஏறியிருந்தால் கிழிசல் என்று யாரும் சொல்வதில்லை. ஏறவே இல்லை என்றால் கிழிசலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள். டி-டைமர் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த பரிசோதனை. 'ஆம்' என்று சொல்ல அதற்குத் தகுதி கிடையாது.

டி-டைமர் நார்மல் என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா?

ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு முன் டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் மூன்று கூறுகள். முதலாவது ஆள்: மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பெருந்தமனி நோய் இருந்ததா, இவருக்கே புடைப்போ இதயத்தின் பெருந்தமனி வால்வில் கோளாறோ இருப்பது முன்பே தெரியுமா, சமீபத்தில் பெருந்தமனியில் ஏதாவது சிகிச்சை நடந்ததா. இரண்டாவது வலி: பட்டென்று வந்ததா, தாங்க முடியாததா, கிழிப்பதுபோல் இருக்கிறதா. மூன்றாவது கையால் தொட்டுப் பார்ப்பது: இரண்டு மணிக்கட்டிலும் நாடி ஒரே மாதிரி இருக்கிறதா, இரண்டு கையின் பி.பி.யிலும் மேல் எண் 20க்கு மேல் வித்தியாசப்படுகிறதா, வலியோடு சேர்ந்து கை கால் இழுத்துக்கொண்டதா, வால்வு கசியும் முணுமுணுப்புச் சத்தம் புதிதாகக் கேட்கிறதா, பி.பி. சரிந்திருக்கிறதா. ஒவ்வொரு கூறிலும் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு மதிப்பெண். மொத்தம் பூஜ்யம் முதல் 3 வரை.

2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பெரிய அளவில் சோதித்தது. நான்கு நாடுகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,850 பேர். அவர்களில் 241 பேருக்குக் கிழிசலோ அதை ஒத்த அவசர நோயோ இருந்தது. மதிப்பெண் 1 அல்லது அதற்குக் கீழே, டி-டைமரும் மில்லிக்கு 500 நானோகிராமுக்குக் கீழே என்று இருந்தவர்கள் 924 பேர். அவர்களில் தப்பவிட்டது 3 பேரை. ஆயிரத்துக்கு மூன்று. டாக்டருக்குத் துணிச்சல் தரக்கூடிய கணக்கு.

ஆனால் அதே ஆய்வில், நோய் இருந்த 241 பேரில் 8 பேருக்கு டி-டைமர் நார்மலாகவே இருந்தது. மதிப்பெண் 2 அல்லது 3 வந்தவருக்கு டி-டைமர் எடுத்துக் காத்திருப்பதே தவறு. நேராக சி.டி. ஆஞ்சியோகிராம்தான், அதாவது சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஸ்கேன். இதயத்திலிருந்து மேலேறும் பகுதி கிழிந்தால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் நூற்றுக்கு ஒருவர், இருவர் என்று உயிர் போகும் என்பது மருத்துவப் பாடங்களில் காலங்காலமாக இருக்கும் கணக்கு. புதிய பதிவுகள் அதில் பாதி என்கின்றன. பாதி என்றாலும் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கும் நேரமில்லை அது.

யாருக்கு டி-டைமர் ஏறாமல் ஏமாற்றும்? உள் அடுக்கில் ஓட்டையே இல்லாமல் சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொண்டவர்களுக்கு, கிழிசல் குட்டையாக இருப்பவர்களுக்கு, பிளவுக்குள் ஏற்கெனவே முழுக்க உறைந்துவிட்டவர்களுக்கு. வலி வந்து பல நாள் கழித்து வந்தவர்களுக்கும் இதை நம்ப முடியாது.

அதிகமாக வந்தால் கிழிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இதுதான் ஜன்னலில் அதிகம் பயமுறுத்துகிற கேள்வி. டி-டைமர் 1,200 என்று பார்த்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். காலின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, நுரையீரலில் ரத்தக்கட்டு, நிமோனியா, கொரோனா, புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், கீழே விழுந்த அடி, கர்ப்பம், பிரசவம் என்று எல்லாவற்றிலும் அது ஏறும். வயதானாலே ஏறும். 80 வயதுத் தாத்தாவுக்கு எந்த நோயும் இல்லாமலே 700 இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சுவலி என்று வருகிற ஆயிரம் பேரில் கிழிசல் இருப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் டி-டைமர் எடுக்கிறோம். கிழிசல் இல்லாதவர்களில் 64% பேருக்குத்தான் அது நார்மலாக வரும் என்பது மேலே சொன்ன ஆய்வின் முடிவு. அதாவது மீதி 999 பேரில் சுமார் 360 பேருக்கு 'அதிகம்' என்று வரும். ஒருவரைப் பிடிக்க 361 பேரை ஸ்கேன் அறைக்குள் தள்ள வேண்டும், கதிர்வீச்சும் சாய மருந்தும் கொடுக்க வேண்டும். இதனால்தான் சந்தேகமே இல்லாத இடத்தில் நல்ல டாக்டர் டி-டைமர் எழுதுவதில்லை. "ஏன் எழுதல?" என்று அவரைக் கோபிக்காதீர்கள்.

மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் டி-டைமரைச் சேர்த்து விற்பதும் இதே காரணத்தால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. வலியே இல்லாதவருக்கு அந்த எண்ணால் பயத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

ஒரு லேபில் 0.4 என்கிறார்கள், இன்னொரு லேபில் 400 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதும் மில்லிக்கு 500 நானோகிராம் என்பதும் ஒரே அளவு. அதோடு இன்னொரு சிக்கல் உண்டு, டி-டைமரை எண்ணும் முறையே இரண்டு. எஃப்.இ.யு. என்று அச்சிட்டிருந்தால் எல்லை 500. டி.டி.யு. என்று இருந்தால் அதே எல்லை சுமார் 250 ஆகிவிடும், ஏனென்றால் முதல் முறையில் வரும் எண் இரண்டாவது முறையைப்போல ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். அலகைப் பார்க்காமல், இணையத்தில் படித்த 500ஐ வைத்து "நார்மல்தான்" என்று முடிவு கட்டினால் ஆபத்து. டி.டி.யு.வில் 400 என்பது நார்மல் இல்லை.

ரத்தம் எடுக்கும் விதத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டி-டைமருக்கு நீல மூடி போட்ட டியூப். உள்ளே சோடியம் சிட்ரேட் திரவம் கொஞ்சம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்று அளந்து வைத்தது அது. டியூபின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும், ரத்தம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். குறைந்தால் சிட்ரேட் விகிதம் கூடிவிடும், முடிவை நம்ப முடியாது. நிரப்பியதும் மூன்று நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு, இப்படிப் பாதி நிரம்பிய நீல டியூப் ஒன்று அவசரப் பிரிவிலிருந்து வந்தது. திருப்பி அனுப்பினேன். வார்டு பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். மறுபடி ரத்தம் வர இருபது நிமிஷம் ஆனது. விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அன்று நான் போனை எடுத்து, "சந்தேகம் பெருந்தமனியா? அப்படின்னா இதுக்காக நிக்காதீங்க, ஸ்கேனுக்கு அனுப்புங்க" என்று சொல்லவில்லை. அந்த நோயாளிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் டியூபைத் திருப்பி அனுப்பும் முன் போன் செய்கிறேன்.

ட்ரோபோனின் ஏறியிருந்தால் அது மாரடைப்புதானே?

கிழிசலிலும் ஏறும், இதில்தான் உயிராபத்து. கிழிசல் கீழ்நோக்கி இறங்கி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனியின் வாயை அடைத்தால், இதயத் தசை உண்மையாகவே பட்டினி கிடக்கும். ட்ரோபோனின் ஏறும், ஈ.சி.ஜி.யும் மாறும். பார்ப்பவருக்கு மாரடைப்பாகவே தெரியும். மாரடைப்பு என்று ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், கிழிந்த சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் உறைவும் கரையும். அதற்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்துவது மிகக் கடினம்.

ட்ரோபோனின் நார்மல் என்பதும் கிழிசல் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ஈ.சி.ஜி.யும் அப்படியே. சர்வதேசக் கிழிசல் பதிவேட்டில் 2000ஆம் ஆண்டு வெளியான 464 நோயாளிகளின் விவரத்தில், பத்தில் மூன்று பேருக்கு ஈ.சி.ஜி. முழுக்க நார்மல். நாடி வித்தியாசம் இருந்தது வெறும் 15% பேருக்கு. ஆனால் வலி திடீரென்று வந்ததாகச் சொன்னவர்கள் 85%. நான் ஆய்வகத்துக்காரன். என் இயந்திரங்கள் தரும் எதையும்விட அந்த 85% எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்படியானால் டாக்டரிடம் வலியை எப்படிச் சொல்வது?

"நெஞ்சு வலிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று சொல்லுங்கள். கிழிசல் வந்தவர்கள் அந்த நொடியைச் சொல்வார்கள்: "குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சேன், பட்டுன்னு வந்துச்சு." மாரடைப்பு வலி பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அமுக்குவதுபோல் இருக்கும். கிழிசல் வலி வந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சில் ஆரம்பித்து முதுகுக்குப் போனது, பிறகு வயிற்றுக்கு இறங்கியது என்று இடம் மாறினால் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும், பி.பி. மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிழிந்த பெருந்தமனியைத் தைக்கும் அறுவையை 1950களில் உருவாக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே அந்த வலி வந்தது. வலியின் தன்மையை வைத்தே அது கிழிசல் என்று ஊகித்தார். உறுதி செய்தது ஸ்கேன். 2006 பிப்ரவரியில், அவர் உருவாக்கிய அதே அறுவையை அவருக்குச் செய்தார்கள். 2008 ஜூலை வரை உயிரோடு இருந்தார்.

பிறகு எதற்கு அத்தனை டியூப் ரத்தம் எடுக்கிறார்கள்?

கிழிசலைக் கண்டுபிடிக்க அல்ல, அது என்னென்ன கெடுத்திருக்கிறது என்று பார்க்க. குடலுக்குப் போகும் கிளை அடைபட்டால் லாக்டேட் ஏறும். சிறுநீரகக் கிளை அடைபட்டால் கிரியாட்டினின் ஏறும். உள்ளே கசிந்தால் ஹீமோகுளோபின் இறங்கும். அறுவைக்கு ரத்தம் ஏற்பாடு செய்ய குரூப்பும் பொருத்தமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் வந்தால்தான் சாய மருந்து போடுவோம் என்று சில இடங்களில் ஸ்கேனை நிறுத்தி வைப்பார்கள். சாதாரண ஸ்கேனுக்கு அது நியாயம். கிழிசல் சந்தேகத்துக்கு அந்தக் காத்திருப்பு கூடாது.

புதிய மார்க்கர் ஏதாவது வருகிறதா?

நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பொருளைத்தான் மார்க்கர் என்கிறார்கள். அதற்கான தேடல் நெடுநாளாக நடக்கிறது. ஜப்பானியர்கள் 1990களிலேயே மென்தசையின் மயோசின் என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். நடு அடுக்கு பிளந்தால் மென்தசை சிதையும், மயோசின் வெளியே கொட்டும் என்பது அவர்களின் யோசனை. அழகான யோசனை. வலி வந்த முதல் 3 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் சுமார் 90% பேரை அது பிடித்தது. ஆனால் அதன் பிறகு அளவு மளமளவென்று இறங்கிவிடும். நம் ஊரில் வலி வந்து, வாய்வு என்று சோடா குடித்து, பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர எத்தனை மணி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். கால்போனின் என்ற இன்னொரு மென்தசைப் புரதமும், எலாஸ்டின் துண்டுகளும்கூட சோதிக்கப்பட்டன. எதுவும் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை.

2018இல் சீனாவிலிருந்து எஸ்.டி.2 என்ற புரதம் பற்றி நம்பிக்கையான முடிவு வந்தது, டி-டைமரையே மிஞ்சும் என்றார்கள். பிறகு ஐரோப்பிய அவசரப் பிரிவில் சோதித்தபோது அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஓர் ஊரில் ஜொலித்த மார்க்கர் இன்னோர் ஊரில் மங்குவது இந்தத் துறையில் பழக்கமான காட்சிதான். "புதிய ரத்தப் பரிசோதனை கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால், இரண்டாவது இடத்தில் சோதித்தார்களா என்று பாருங்கள்.

வயிற்றில் வரும் புடைப்பை ரத்தத்தில் கண்டுபிடிக்கலாமா?

வேண்டியதில்லை. அதற்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் போதும், ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 3 செ.மீ. தாண்டினால் புடைப்பு, ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டால் பெரும்பாலும் சரிசெய்யச் சொல்வார்கள். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை எல்லாம் அழைத்து ஒரே ஒரு தடவை ஸ்கேன் செய்கிறார்கள். இங்கே அப்படி ஒரு திட்டம் இல்லை. ஆனால் நெடுங்காலம் பீடி, சிகரெட் பிடித்த 65 வயதுக்காரர் வேறு ஏதோ காரணத்துக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனால், "பெருந்தமனி அளவையும் எழுதுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஏற்கெனவே புடைப்பு இருப்பவருக்கு டி-டைமர் எப்போதும் கூடுதலாக இருக்கலாம். புடைப்பின் உட்சுவரில் ரத்தம் படிந்து உறைந்து கரைந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இந்த நோய்தான். 1948இல் அவருடைய புடைப்பைச் செல்லோஃபேன் தாளால் சுற்றி இறுக்கினார்கள், அந்தக் காலத்தில் இருந்த வழி அதுதான். 1955 ஏப்ரலில் அது வெடித்தது.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எதற்கு?

அழற்சிக்கு. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் இவை. இங்கேதான் ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடுதலாகப் பேசும். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய், ஆசியாவில் இளம் பெண்களை அதிகம் பிடிக்கிறது. காய்ச்சல், இளைப்பு, கை சோர்வு என்று சாதாரணமாகத் தொடங்கும். பிறகு கையில் நாடியே கிடைக்காது. கைக்குப் போகும் கிளை சுருங்கியிருப்பதால் பி.பி. குறைவாகக் காட்டும், உண்மையில் உடம்புக்குள் பி.பி. எகிறிக்கொண்டிருக்கும். தொடையில் பட்டை சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நோய் முனைப்பாக இருக்கும்போதே சிலருக்கு இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் நார்மலாக இருக்கும். அதனால்தான் வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள் சேர்ந்து, நாடி, பி.பி. வித்தியாசம், வலி போன்றவற்றை எண்ணி மதிப்பெண் போடும் இந்திய முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஐ.டி.ஏ.எஸ். 2010 என்பது அதன் பெயர். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யைச் சேர்த்துப் பார்க்கும் வடிவமும் அதற்கு உண்டு. இந்த நோய்க்கு டோசிலிசுமாப் என்ற ஊசி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யச் சொல்லும் கட்டளையையே அந்த மருந்து தடுக்கிறது. நோய் உள்ளே புகைந்துகொண்டிருந்தாலும் சி.ஆர்.பி. நார்மலாக வரும். அவர்களுக்கு ஸ்கேன்தான் துணை.

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் இப்படியே போனார்கள். எனக்கு ரத்தத்தில் ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். இத்தனை கேள்விக்கும் 'இல்லை, இல்லை' என்று சொல்லி வந்தவன் இதற்கு மட்டும் 'ஆம்' என்று சொல்கிறேன். பெருந்தமனி கிழிவதற்குப் பல வருடம் முன்பே எச்சரிக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை மரபணுப் பரிசோதனைதான்.

மார்ஃபான் நோய் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நெடுநெடுவென்ற உயரம், நீண்ட விரல்கள், குழிந்த அல்லது புடைத்த மார்பு, கண் லென்ஸ் விலகல் எல்லாம் அதன் அடையாளம். அதற்குக் காரணமான ஃபைப்ரில்லின் மரபணுவை 1991இல் கண்டுபிடித்தார்கள். அடையாளமே இல்லாமல் குடும்பத்தில் பெருந்தமனி மட்டும் கிழிகிற வகைகளும் உண்டு. அதில் ஒன்று எம்.ஒய்.எச்.11 என்ற மரபணுவில் வரும் பிழை. ஜப்பானியர்கள் ரத்தத்தில் தேடிய அந்த மென்தசை மயோசினை உண்டாக்குவது இதே மரபணுதான். கிழிந்த பிறகு ரத்தத்தில் தேடிய பொருளின் குறையைக் கிழிவதற்கு முன்பே டி.என்.ஏ.வில் படிக்க முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

"சொந்தத்துல கல்யாணம் பண்ணதால வந்ததா?" என்று கேட்பார்கள். மார்ஃபானுக்கு அது காரணம் இல்லை. பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. சுமார் கால்வாசிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே தாக்கும் அரிய வகைகள் உண்டு. ஃபிபுலின்-4 மரபணுவின் ஒரே பிழையோடு தொடர்புள்ள நோய் வந்த 22 கைக்குழந்தைகளைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். அந்த வகையில் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும்.

பரிசோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்ய வேண்டும். அவர் இல்லையென்றால், எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) பெருந்தமனி அகன்றிருக்கும் உறவினருக்கு. அவரிடம் பிழை கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். குடும்பத்தில் நோய் தெளிவாக இருந்தும் பாதிக்கும் குறைவானவர்களிடமே பிழை கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்பதற்காக எக்கோவை விடாதீர்கள். "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று ரிப்போர்ட் வந்தால் அது நோயும் இல்லை, நிம்மதியும் இல்லை. மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

பிழை இருக்கும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் கிழிசல் ஆபத்து கூடும், அப்போது டி-டைமரும் தானாகவே ஏறியிருப்பதால் அது துணைக்கு வராது. சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கமும் இந்தக் குடும்பங்களில் கூடாது. அந்த வகை மருந்துகள் அரிதாகப் பெருந்தமனிக் கிழிசலுக்கு வழி செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அப்பாவின் பழைய ஸ்கேன் படங்களும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். நீங்கள், கூடப் பிறந்தவர்கள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் ஒரு எக்கோ எடுங்கள். எடுக்கும்போது "பெருந்தமனி வேர் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டு (வேர் என்பது இதயத்திலிருந்து அது கிளம்பும் இடம்), அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த எக்கோவில் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தப் பழைய எண்ணைத்தான்.